இரண்டாம் ஏலவார்குழலி

அம்பரீன் எப்படி ஆடினாள் என்று யாரும் கேட்கவில்லை. யாரைப் போல ஆடினாள் என்றுதான் கேட்டார்கள்.

கேட்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. காஞ்சி வட்டாரக் கூடைப்பந்து மேம்பாட்டுச் சபையின் நிர்வாகிகள். வேலூரைக் காஞ்சிபுரம் பெண்கள் அணி தோற்கடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தோற்கடித்தது. விழுந்த கூடைகளில் பாதிக்கு மேல் அம்பரீன் போட்டவை. மறுநாள் காலை ஒலிமுகமதுபேட்டையில் அவளுடைய அப்பா ஷரீஃப் தன் மோட்டார் வைண்டிங் கடையின் ஷட்டரைத் தூக்கியபோது, வாசலில் இரண்டு பேர் சால்வையோடு நின்றார்கள்.

முன்னால் நின்றவர் சபைத் தலைவர் திருஞானசம்பந்தம். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருப்பவர். பின்னால் நின்றவர் கலியாணசுந்தரம், சபையின் வரலாற்றுச் செயலாளர். கூடைப்பந்துக்கு எதற்கு வரலாற்றுச் செயலாளர் என்று கேட்கக் கூடாது. சபையில் பயிற்சியாளர் பதவி பல வருடமாகக் காலியாக இருக்கிறது. வரலாற்றுச் செயலாளர் பதவி ஒருநாள்கூடக் காலியாக இருந்ததில்லை.

"பாய், உங்க பொண்ணு யார் மாதிரி ஆடுதுன்னு தெரியுமா?" என்றார் திருஞானசம்பந்தம்.

"தெரியலயே சார். நான் கடையில இருந்துட்டேன்."

"எங்களுக்கும் இன்னும் தெரியல. அதான் கூட்டம் போட்டிருக்கோம்."

அம்பரீன் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து வந்தாள். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற உயரம். "மேட்ச் பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள்.

கலியாணசுந்தரம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பாப்பா, பாக்கறதுக்கு ஊர்ல ஆயிரம் பேரு இருக்கான். ஒப்பிடறதுக்கு நாங்கதான் இருக்கோம்."

சால்வையைப் போர்த்தினார்கள். அந்துருண்டை வாசம் அடித்தது. ஏற்கெனவே பல தோள்களைப் பார்த்த சால்வை. ஷரீஃப் கண் கலங்கிவிட்டார். அம்பரீனுக்கு மட்டும் முதுகில் ஏதோ ஊர்வதுபோல இருந்தது. ஆட்டத்தைப் பார்க்காதவன் எதற்குக் காலங்காத்தாலே சால்வையோடு வருகிறான்?

ஆனாலும் அவளுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். அடுத்த மாதம் சென்னையில் மாநில அணிக்கான தேர்வு முகாம். அதில் தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அங்கேயே கல்லூரி. தேறாவிட்டால் ஆம்பூரில் அவளுடைய காலா, அம்மாவின் தங்கை, ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தாள். முகாம் முடியும்வரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று ஷரீஃப் வாக்குக் கொடுத்திருந்தார். முகாமுக்குச் சபை அனுப்பினால்தான் போக முடியும் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் என்றால் சபைக்காரர்கள்.

சபை யாரையும் சும்மா அனுப்பிவிடாது. முதலில் ஒப்பிட வேண்டும்.

பட்டுக்கடை நடைமுறை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். யாராவது தன் கல்யாணப் புடவையைக் கொண்டுவந்து, "இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்பார்கள். நெசவாளர் நெய்துகொண்டு வருவார். பழையதையும் புதியதையும் கடை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும். கரை ஒரு நூல் கூடியிருந்தாலும், "மாதிரிக்கு ஒத்துவரல" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். புதியது பழையதைவிட நன்றாக வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இந்த முறையில் இடமில்லை. அதுவும் ஒத்துவராததுதான்.

தலைவரான அன்றே திருஞானசம்பந்தம் இந்த முறையை அப்படியே கூடைப்பந்துக்குக் கொண்டுவந்தார். இத்தனை வருடத்தில் வியாபாரத்தில் தப்பாத முறை விளையாட்டில் எப்படித் தப்பும்?

மாதிரியின் பெயர் ஏலவார்குழலி. நாற்பது வருடத்துக்கு முன்னால் மெட்ராஸ் அணியை ஒற்றை ஆளாகத் தோற்கடித்தவள். அவளுடைய ஜெர்சி திருஞானசம்பந்தத்தின் கடையில், பீரோவில், மல்துணியில் சுற்றி வசம்போடு வைக்கப்பட்டிருந்தது. பட்டுப்புடவையை ஒரே மடிப்பில் விட்டால் சரிகை முறியும். அதனால் அவ்வப்போது பிரித்து மடிப்பை மாற்றுவார்கள். ஜெர்சிக்கும் அதைச் செய்தார்கள். மடிப்பு மாற்றும் நாளில் நாதஸ்வரம் உண்டு, சிற்றுண்டி உண்டு. ஜெர்சி நைலான். அதை மடிக்காமல் சுருட்டி மூலையில் எறிந்தாலும் ஒன்றும் ஆகாது. இதைச் சொன்ன ஒரு உறுப்பினரைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கடை வாசலில், பகல் வெளிச்சத்தில், அம்பரீனை நிறுத்தினார்கள். பக்கத்தில் ஜெர்சியை இரண்டு பேர் தோள் தோளாகப் பிடித்தார்கள். கலியாணசுந்தரம் இவளைப் பார்த்தார், ஜெர்சியைப் பார்த்தார். தெருவில் போன ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் குறைத்தார்கள்.

"உயரம் கொஞ்சம் ஜாஸ்தி," என்றார்.

"கூடைப்பந்துக்கு நல்லதுதானே சார்?" என்றாள் அம்பரீன்.

"கூடைப்பந்துக்கு நல்லதுதான். ஒப்பீட்டுக்கு நல்லதில்ல."

கடைசியில் பெருந்தன்மையோடு ஒரு முடிவுக்கு வந்தார்கள். அம்பரீன் தற்காலிகமாக இரண்டாம் ஏலவார்குழலி. முகாமுக்குப் போவதற்குள் இரண்டு குறைகளைச் சரிசெய்ய வேண்டும். ஒன்று, அவள் பந்தை மற்றவர்களுக்குக் கொடுக்கிறாள். ஏலவார்குழலி யாருக்கும் கொடுத்ததில்லை. இரண்டு, அவள் கண்ணை முழுசாகத் திறந்து ஆடுகிறாள்.

"அது தப்பா சார்?"

"ஏலவார்குழலியோட பார்வை அரைக்கண் பார்வை," என்றார் கலியாணசுந்தரம். குரல் தழுதழுத்தது. "யோகி மாதிரி. கண்ணை இடுக்கிக்கினு, உள்ளுக்குள்ள எதையோ பாத்துக்கினு. அதைப் பத்தி ஒரு மலரே போட்டிருக்கேன். அந்த மெட்ராஸ் மேட்ச்சை நேர்ல பாத்தவன் நான்."

அடுத்த பயிற்சி ஆட்டத்தில் அம்பரீன் கண்ணை இடுக்கிக்கொண்டு ஆடினாள். பந்து நேராக வந்து அவள் மூக்கில் மோதியது. ரத்தம் வந்தது. சபை எழுந்து நின்று கைதட்டியது.

மூக்கில் பஞ்சோடு அவள் திருஞானசம்பந்தத்தின் கடைக்குப் போனாள். முகாமுக்கு எப்போது பெயர் அனுப்புவார்கள் என்று கேட்க வேண்டும். தலைவர் இல்லை. புடவை விரித்துக் காட்டுகிற பெண் ஒருத்தி அவளை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தாள். இளம்பெண்தான். ஆனால் தடிமனான கண்ணாடி.

"நீதான் இந்த வருஷத்து ரெண்டாம் குழலியா?"

"ஆமாக்கா. உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"மூக்கைப் பாத்தாலே தெரியுதே. எனக்கும் அப்டித்தான் ஆச்சு. என் பேரு மஹாலட்சுமி. நான் ரெண்டாம் குழலியா இருந்தேன், மூணு வருஷம் முன்னால. அந்தப் பில்லு போடற பொண்ணு எனக்கு முன்னாடி."

அம்பரீன் திரும்பிப் பார்த்தாள். பில் போடுகிற பெண் கண்ணை இடுக்கிக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகாமுக்கு அனுப்பலையா?"

"ஒத்துவரலைன்னுட்டாங்கபா. நான் மறந்தாப்புல ஒரு பாஸ் குடுத்துட்டேன். ஆனா நல்ல மனுஷன், வேலை குடுத்தாரு." அவள் ஒரு மாம்பழ நிறப் புடவையை மடித்தாள். "இன்னா ஒண்ணு, கண்ணை இடுக்கி இடுக்கி தலைவலி வந்துடுச்சு. டாக்டர் கண்ணாடி போட்டுட்டாரு."

"யாராச்சும் போயிருக்காங்களாக்கா? ஒருத்தராச்சும்?"

மஹாலட்சுமி யோசித்தாள். வாசலில் வாடிக்கையாளர் வந்ததால் யோசனையை நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து அம்பரீனுக்குச் சந்தேகம் சோற்றிலும் வந்தது. சபை ஆள் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்த்தாள். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்த்தாள். அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஏலவார்குழலி அம்மா இப்ப எங்க இருக்காங்க சார்?"

அவள் இருக்கக்கூடும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. ஜெர்சி இருக்கும்போது ஆள் எதற்கு?

அப்பாவிடம் கடையில் போய்ச் சொன்னாள். ஷரீஃப் சோல்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். "தென்னேரி குழலி அம்மாவா? கண்ணாடி போட்டுக்கினு வருமே, அதுவா? ஈபி-ல வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆன அம்மா? போன வாரம்தான் தண்ணி மோட்டார் குடுத்துட்டுப் போச்சு பேட்டா. காயில் எரிஞ்சிபோச்சு. இதோ இங்கதான் இருக்குது."

மூலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு மோட்டார் கிடந்தது. ஜெர்சிக்கு மேளம் கொட்டிய ஊரில் ஜெர்சிக்காரியின் மோட்டார் தரையில் கிடந்தது.

விஷயம் தெரிந்ததும் சபை பரபரப்பானது. மூலமாதிரியே மேடைக்கு வந்து இரண்டாம் குழலியை அங்கீகரித்தால் விழா மாநில அளவில் பேசப்படும் என்றார் திருஞானசம்பந்தம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். அதன் பின்பக்கத்தில்தான் சபையின் சிமெண்ட் ஆடுகளம். பந்தல் போட்டார்கள். ஏலவார்குழலியின் இளவயதுப் படம் போட்டு, மண்டப உயரத்துக்கு பேனர் வைத்தார்கள். கூடையின் வளையம் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை பேனர் மறைத்தது.

எல்லாம் செய்தவர்கள் அவளை அழைத்துவரக் கார் அனுப்ப மறந்துவிட்டார்கள். ஏலவார்குழலி பஸ்ஸில் வந்து இறங்கினாள். தடித்த உடம்பு, மூக்கின் மேல் கனத்த கண்ணாடி, தோளில் ஒரு ஜோல்னாப் பை. வாசலில் நின்ற தொண்டர் அவளைத் தடுத்தார்.

"சாப்பாடு விழா முடிஞ்சப்புறம்தாம்மா. அப்டி ஓரமா உக்காரு."

"நான்தாம்பா அது," என்று அவள் பேனரைக் காட்டினாள்.

தொண்டர் பேனரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தனியாக முடிவெடுக்கப் பயந்து கலியாணசுந்தரத்தைக் கூட்டிவந்தார். கலியாணசுந்தரத்தின் முகம் சுருங்கியது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. ஊர்ல டூப்ளிகேட் ஜாஸ்தி ஆயிடுச்சு. பவர்லூம்ல ஓட்டிட்டு கைத்தறின்னு வித்துடறான். நாங்க எதையும் சோதிக்காம வாங்கறதில்ல."

"சோதிச்சிக்கோ. மத்தியான பஸ்ஸுக்குள்ள விட்டுட்டா சரி."

"மெட்ராஸ் மேட்ச்சுல கடைசிக் கூடை போட்டதும் கூட்டம் உங்களைத் தூக்கிக்கினு ஊர்வலம் போச்சே, எந்தத் தெரு வழியா?"

"எந்தக் கூட்டம்? அன்னிக்கு நல்ல மழைபா. நாங்களும் ரெஃப்ரியும்தான் இருந்தோம்."

கலியாணசுந்தரம் மேடைக்குப் போய்த் திருஞானசம்பந்தத்தின் காதில் சொன்னார். மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் ஊருக்கே கேட்டது. "எனக்கு டவுட்டா இருக்குது. மேட்ச் பாத்த மாதிரியே பேசல."

அதனால் ஆடுகளத்தில் வைத்தே ஒப்பிடுவது என்று முடிவானது. பேனரை வளையத்துக்கு முன்னாலிருந்து நகர்த்தினார்கள். ஏலவார்குழலி ஏலவார்குழலியைப் போல ஆடுகிறாளா என்று பார்ப்பார்கள். ஆடினால் அவள் அசல். அசல் கையெழுத்துப் போட்டால் அம்பரீன் முகாமுக்குப் போவாள். தன் வாழ்க்கை ஒரு பெரியம்மாவின் முழங்காலில் வந்து நிற்பதை அம்பரீனால் நம்ப முடியவில்லை. ஷரீஃப் கூட்டத்தில் நின்று கையை ஏந்தி துஆ கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏலவார்குழலி செருப்பைக் கழற்றினாள். புடவையை இழுத்துச் செருகினாள். பந்தை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். "காத்து கம்மியா இருக்குதே," என்றாள். அவள் பக்கம் ஆட அம்பரீனை நிறுத்தினார்கள். எதிரே சபையின் ஆண்கள் அணியிலிருந்து மூன்று பேர் வந்து மறித்தார்கள். அவள் அவசரப்படவில்லை. உடம்பை ஒரு பக்கம் சாய்த்தாள். மூன்று பேரும் அந்தப் பக்கம் போனார்கள். வளையத்துக்கு அடியில் அம்பரீன் தனியாக நிற்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பார்க்காததுபோல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பந்தை இடுப்புக்குப் பின்னாலிருந்து தட்டிவிட்டாள்.

பந்து அம்பரீனின் கைக்கு வந்தது. அவள் எகிறினாள். தொங்குகிற வளையத்தில் இடிக்காமல் பந்து உள்ளே விழுந்தது.

கூட்டத்தில் ஒரு சத்தம் கிளம்பியது. மேடையிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. பிறகு கலியாணசுந்தரம் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் பாத்தீங்க. பாஸ் குடுத்துட்டாங்க."

"ஆமா, பொண்ணு சும்மா நின்னுச்சு, குடுத்தேன்," என்றாள் ஏலவார்குழலி.

"உண்மையான ஏலவார்குழலி யாருக்கும் குடுத்ததில்ல!"

"அப்பல்லாம் எனக்கு தூரத்துல இருக்கறது தெரியாதுபா. கண்ணாடி வாங்கித் தர ஆளில்ல. கண்ணை இடுக்கி இடுக்கிப் பாப்பேன். அப்பவும் எது நம்ம ஆளு, எது அவங்க ஆளுன்னு வெளங்காது. யார்ட்ட குடுக்கறது? அதான் நானே வெச்சிக்கினேன். வேலைக்குப் போயி மொதல் சம்பளத்துல கண்ணாடி வாங்கினேன். அப்பறம்தான் நல்லா ஆடனேன். அதை எவன் பாத்தான்?"

மஹாலட்சுமி கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

கலியாணசுந்தரம் அசையவில்லை. "இதிலேருந்தே தெரியுது," என்றார். "அரைக்கண் பார்வையைப் பார்வைக் கோளாறுன்னு சொல்ற ஒருத்தர், அந்தப் பார்வை உள்ளவரா இருக்க முடியாது."

திருஞானசம்பந்தம் எழுந்தார். கடையில் சரக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது பேசுகிற அதே மரியாதையான குரல்.

"அம்மா நல்லா ஆடினாங்க. அதுல குறை சொல்லல. நம்ம சபை நல்ல ஆட்டம், கெட்ட ஆட்டம்னு பாகுபாடு பாக்கறதே இல்ல. மாதிரிக்கு ஒத்துவருதா, அவ்ளோதான். இந்தம்மா ஏலவார்குழலிக்கு ஒத்துவரல. அதனால இவங்க அங்கீகாரமும் செல்லாது. பொண்ணு அம்பரீன் யார் மாதிரியும் இல்லைன்னு ஆகுது. யார் மாதிரியும் இல்லாத ஒருத்தரை அனுப்பிட்டு நாளைக்கு மாநிலத்துல கேட்டா நாம இன்னா சொல்றது? அதுக்காக இந்த ஊரு சும்மா இருந்துடுமா? இருக்காது. பந்தல்லயே, நம்ம கண்ணு முன்னாலயே, ஒருத்தர் இருக்கறதை வரலாற்றுச் செயலாளர் கண்டுபிடிச்சாரு."

கண்டுபிடிக்கப்பட்டவள் அகிலா. திருஞானசம்பந்தத்தின் தம்பி மகள். குத்துவிளக்குப் பக்கத்தில் தாம்பாளம் பிடித்து நின்றிருந்தாள். விடிய விடியத் தேர்வுக்குப் படித்ததில் கண் பாதி மூடியிருந்தது. பேனருக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திப் பார்த்தார்கள். அதே பின்னல், அதே சாய்ந்த கழுத்து, அதே அரைக்கண்.

"பெரிப்பா, எனக்குப் பந்து பிடிக்கத் தெரியாது," என்றாள் அகிலா.

"பந்து யாருக்கும் குடுக்கக் கூடாது, அவ்ளோதாம்மா. பிடிக்கவே இல்லைன்னா குடுக்கற பேச்சே இல்ல." பிறகு மைக்கில் சொன்னார்: "ஆட்டம் ஒண்ணுதான் குறை. ஆட்டம் பழகினா வரும். சாயல் பழகினா வராது."

கைதட்டினார்கள். அந்துருண்டை வாசமடிக்கிற அதே சால்வை அகிலாவின் தோளில் ஏறியது.

சாப்பாட்டுப் பந்தியில் அம்பரீன் உட்காரவில்லை. வெளியே பஸ் நிறுத்தத்தில் ஏலவார்குழலி நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்களால எனக்கு முகாம் போச்சும்மா."

"என்னாலயா? நான் பாஸ்தானே குடுத்தேன்."

"அதனாலதான்."

ஏலவார்குழலி அவளை முழுசாகப் பார்த்தாள். "உங்கப்பா மோட்டாரு எப்ப குடுப்பாரு?"

"நாளைக்கு." அம்பரீன் பல்லைக் கடித்தாள். "முகாமுக்கு நீங்க போனப்ப சபை இன்னா சொல்லி அனுப்புச்சு?"

"சபையா? நான் போன காலத்துல சபையே கெடையாது. நான் ஊரை விட்டுப் போனப்பறம் ஆரம்பிச்சிருப்பானுங்க. காலையில பஸ் புடிச்சுப் போயி கிரவுண்டுல நின்னேன். ஆடுன்னாங்க."

"இப்பவும் அப்டியா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நாப்பது வருஷம் ஆச்சு." பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

அம்பரீனுக்கு இதிலும் சந்தேகம் வந்தது. சும்மா போய் நின்றால் போதும் என்றால், இத்தனை இரண்டாம் குழலிகளும் ஏன் போகவில்லை? ராத்திரி அப்பாவிடம் கேட்டாள். ஷரீஃப் கைக்கரியைத் துடைத்தார். ஆம்பூர் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, மகள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சபை இல்லாம போனா உள்ள விடமாட்டாங்கன்னு யாரு சொன்னது பேட்டா?"

"சபைதான்."

"அப்போ போயித்தான் பாக்கணும்," என்றார்.

முகாம் நாளன்று அவர் ஷட்டரைத் தூக்கவில்லை. இருவரும் சென்னைக்குப் போனார்கள். மைதான வாசலில் இருந்த காவலாளி பேரைக் கேட்டான், ஊரைக் கேட்டான், உள்ளே விட்டுவிட்டான். அவ்வளவு சுலபமாக விட்டதால் அம்பரீன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே பெரிய பந்தல். நீளமான மேஜைக்குப் பின்னால் தேர்வுக்குழு. அவர்களுக்கு எதிரே மேடையில் ஒரு பேனர், அதில் அவளுக்குத் தெரியாத யார் யாருடைய பழைய படங்களோ வரிசையாக இருந்தன. முன்வரிசையில் சால்வையோடு அகிலா தூங்கிக்கொண்டிருந்தாள். மேஜையிலிருந்த ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அம்பரீனைப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"காஞ்சிபுரம் சார்."

"ஓ, காஞ்சிபுரமா!" அவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "சொல்லு. உன் ஆட்டம் யார் மாதிரி இருக்கும்?"

அம்பரீன் திரும்பிப் பார்த்தாள். வெளியே கம்பி வேலிக்கு அப்பால் அப்பா நின்றிருந்தார். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். பேனரில் எத்தனையோ பெயர்கள் இருந்தன. பெரிய எழுத்தில் இருந்தன.

"தெரியல சார். நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க."

"பாக்கறதா?" என்றார் பெரியவர். அவர் அந்த வார்த்தையைக் கொஞ்சநாளாகக் கேட்கவில்லைபோல இருந்தது.

மேஜையும் நாற்காலிகளும் மேடையைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. ஆடுகளம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மணியைப் பார்த்தார். ஒருவர் டீ எங்கே என்று கேட்டார்.

அம்பரீன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. களத்துக்குள் இறங்கிப் பந்தை எடுத்தாள். தரையில் தட்டியபோது, பின்னாலிருந்து இரும்பு நாற்காலி ஒன்று சிமெண்டில் கரகரவென்று இழுபடும் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு நாற்காலி. மேஜையின் கோடியில் இருந்த ஒரு அம்மாள், வாயில் பாதி பிஸ்கட்டோடு, களத்தைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

எதற்காகத் திரும்பினாளோ. அம்பரீன் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு ஓட ஆரம்பித்தாள்.